பிள்ளையின் பகல் நித்திரை: அன்ரி வீட்டுக் கணக்கும் எங்கள் வீட்டுக் கணக்கும்

தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில், இரவு பத்து மணிக்குப் பிள்ளை கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தால் பழி முதலில் விழுவது பகலில் பிள்ளை பார்க்கிற ஆளின் தலையில்தான். "அவ மத்தியானம் நல்லா நித்திரையாக்கிப் போடுறா, பிறகு நாமதான் இரவிரவா முழிச்சிக் கிடக்கிறது" என்று எங்கள் ஒஃபிஸிலேயே தேத்தண்ணி நேரத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. பகலில் பிள்ளையை யார் வைத்திருக்கிறாரோ, பகல் நித்திரை அவருடைய காரியம். எங்கே படுக்க வைப்பது, எப்படித் தட்டுவது, தொட்டிலா பாயா என்பதெல்லாம் அவர் பாடு. நம் கையில் இருப்பது இரவும் விடியலும். அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்பது.

எங்கள் நிலவரம் இது. மனைவி தாதி உத்தியோகத்தர், ஒரு கிழமை காலை 7 முதல் 1 வரை, ஒரு கிழமை 1 முதல் 7 வரை, இடையிடையே இரவு 7 முதல் விடிய 7 வரை நைட் டியூட்டி. நான் மட்டக்களப்பு டவுனில் அரச அலுவலகத்தில், 8.30 இலிருந்து 4.15 வரை. வீடு ஆரையம்பதி. மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு ஒன்றே முக்கால். இரண்டு பேரையும் நாவற்குடாவில் ஒரு அன்ரி பார்க்கிறார், அவரிடம் வேறு இரண்டு பிள்ளைகளும் உண்டு. மகளின் முன்பள்ளி அதே ஒழுங்கையில்தான், பதினொன்றரைக்கு விட்டதும் அன்ரியே கூட்டி வந்துவிடுவார்.

முதலில் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான வழிகாட்டலில் சொன்னது: 4 முதல் 11 மாதம் வரை நாளுக்கு 12 முதல் 16 மணித்தியாலம், 1 – 2 வயதில் 11 முதல் 14, 3 – 4 வயதில் 10 முதல் 13. இதில் பகல் நித்திரையும் சேர்த்திதான். பலர் இதைக் கவனிப்பதில்லை. மகன் அன்ரி வீட்டில் இரண்டரை மணித்தியாலம் நித்திரை கொண்டால் இரவுக்கு ஒன்பதரை மணித்தியாலம் அளவில் மிச்சம். காலை ஆறேகாலுக்கு அவனை எழுப்பினால்தான் நாங்கள் ஏழு மணிக்கு வெளிக்கிடலாம். அப்படியென்றால் இரவு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் அவனுக்கு நித்திரை வரும், அது குழப்படியும் அல்ல, அன்ரியின் குற்றமும் அல்ல. பிள்ளை பின்னேரம் ஏழு மணிக்கே படுக்க வேண்டும் என்று போனில் படித்துவிட்டு இங்கே நடைமுறைப்படுத்தப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஏழு மணிக்கு எங்கள் பக்கம் வீட்டுச் சூடே வெளியேறியிருக்காது. பின்னேர டியூட்டிக் கிழமையில் தாய் வேலை முடிந்து வெளிக்கிடுகிற நேரமும் அதுதான், தாயைக் காணாமல் எந்தப் பிள்ளை படுக்கும்?

அரச உத்தியோகத்தில் முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் பிரசவ லீவு, அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள் எடுக்கலாம். மனைவி அரைச் சம்பளம் வரைக்கும் எடுத்தார். அதனால் மகன் அன்ரியிடம் போகும்போது ஏழெட்டு மாதம், பகலில் இரண்டு தரம் நித்திரை கொள்கிற வயது. காலை ஒன்பதரைக்கு ஒன்று, பின்னேரம் இரண்டு மணிக்கு ஒன்று. அந்த வயதில் பெரிய சிக்கலில்லை. களைத்தால் படுப்பான், அவ்வளவுதான்.

சிக்கல் ஒரு வயது தாண்டினால்தான். பெரும்பாலான பிள்ளைகள் 12 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் இரண்டு நித்திரையிலிருந்து ஒன்றுக்கு மாறுகிறார்கள். வீட்டில் தனியாக வளர்கிற பிள்ளை தன் வேகத்தில் மாறும். நாலு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அது நடக்காது. மற்றப் பிள்ளைகள் ஒன்பதரைக்கு முற்றத்தில் சத்தம் போட்டு விளையாடும்போது இவனை மட்டும் எப்படி அறைக்குள் படுக்க வைப்பது? அதனால் அன்ரி வீட்டில் பதின்மூன்று மாதத்திலேயே ஒரு நித்திரை ஆகிவிட்டது. சனி ஞாயிறில் எங்களோடு நிற்கும்போது காலையில் கண்ணைக் கசக்குவான், நாங்களும் படுக்க வைப்போம், திங்கட்கிழமை அன்ரி வீட்டில் பத்து மணிக்கே சிணுங்கல் தொடங்கும்.

இதற்கு அன்ரி சொன்ன வழி சுலபமானது. "தம்பி, நித்திரைய மாத்தாதீங்க, சோத்த மாத்துங்க." காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு வாழைப்பழமோ பிஸ்கட்டோ கொடுத்து இழுக்காமல், மத்தியானச் சோற்றையே பதினொரு மணிக்குக் கொண்டுவந்தார். சோறு, பருப்பு, முள் எடுத்த மீன். பதினொன்றரைக்குள் வயிறு நிறைந்துவிடும், முகம் கழுவிப் படுக்க வைத்தால் பன்னிரண்டுக்குள் ஆள் அசந்துவிடும். பிறகு கிழமைக்குக் கிழமை பத்து நிமிடம், கால் மணித்தியாலம் என்று தள்ளிக்கொண்டே போய் இப்போது படுக்கிற நேரம் பன்னிரண்டேகாலில் நிற்கிறது. காத்தான்குடிப் பக்கமிருந்து லுஹர் பாங்கு கேட்கும்போது சோறு முடிந்திருக்க வேண்டும் என்பது அன்ரியின் அடையாளம், மணிக்கூடு பார்க்கிற வேலையே இல்லை. சனி ஞாயிறில் நாங்களும் அதே நேரத்தைப் பிடித்துக்கொள்கிறோம். வீட்டு நேரத்துக்கு அன்ரியை வரச் சொல்வதைவிட அன்ரி நேரத்துக்கு வீடு போவது லேசு, ஐந்து நாள் அங்கேதானே.

சரி, எழும்பும் நேரத்துக்கு வருகிறேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்கிற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத்தான் நித்திரைப் பாரம் ஏறும், நித்திரை கொண்டால் குறையும். மத்தியானம் எழும்பிய நேரத்திலிருந்து மறுபடி அது சேர வேண்டும். எங்கள் மகனுக்கு அதற்கு ஐந்தரை, ஆறு மணித்தியாலம் தேவைப்படுகிறது. ஆகவே அவன் ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டானா இரண்டரை கொண்டானா என்பதைவிட, எத்தனை மணிக்கு எழும்பினான் என்பதுதான் எங்கள் இரவைத் தீர்மானிக்கிறது. மூன்று மணிக்கு எழும்பினால் ஒன்பதுக்குள் சரி. நாலு மணி என்றால் பத்துத்தான், என்ன தாலாட்டுப் பாடினாலும்.

இதை அன்ரியிடம் பேசியபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது. நியாயம் அவர் பக்கமும் உண்டு. "நீங்க லேசாச் சொல்லுறீங்க மனே. இவனுகள் படுக்கிற அந்த நேரத்திலதான் நான் ஒரு வாய் சோறு தின்னுறது, உடுப்பத் தோய்க்கிறது, கால நீட்டுறது." விடிய ஏழு மணியிலிருந்து நாலு பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற ஒருவரிடம் போய் "ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரையாக்காதீர்கள்" என்று கேட்பது அவருடைய ஓய்வில் கைவைப்பது. அதனால் நாங்கள் கேட்டது நேரத்தைக் குறைக்கச் சொல்லி அல்ல, முன்னுக்குத் தள்ளச் சொல்லி. பன்னிரண்டேகாலுக்குப் படுத்தால் மூன்றுக்குள் இரண்டே முக்கால் மணித்தியாலம் வருகிறது. அவருக்கும் சாப்பிட்டுப் படுக்க நேரம், எங்களுக்கும் இரவு. மூன்று மணிக்கு யாரும் அவனை உலுப்பி எழுப்புவதில்லை. யன்னல் சீலையை விலக்கி, கதவைத் திறந்து, பேனைக் குறைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் தானே புரண்டு எழும்புவான். சட்டென்று தூக்கினால் அரை மணித்தியாலம் வீரிட்டுக் கத்துவான், அது அன்ரிக்குத்தான் தலையிடி.

எழும்பியதும் வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ். "மூணு அஞ்சுக்கு எழும்பினான்", அவ்வளவு போதும். டெங்குக் காய்ச்சல் வந்த அயல்வீட்டுக் கதை, மீன் விலை எல்லாம் அதோடு சேர்ந்து வரும், அது வேறு. பிந்தி எழும்பிய நாளில் இரவை நாங்கள் பிந்தித் திட்டமிடுவோம், எட்டரைக்குக் கட்டிலில் போட்டு ஒன்றரை மணித்தியாலம் மல்லாடுவதைவிட ஒன்பதே முக்கால் வரை முற்றத்தில் விளையாட விடுவது எல்லோருக்கும் நல்லது. அடுத்த நாள் காலை எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்ற மாட்டோம். பாவம், பிந்திப் படுத்தவன் என்று ஏழரை வரை விட்டால் அன்றைய மத்தியான நித்திரையும் தள்ளிப்போகும், அந்தச் சங்கிலி வெள்ளிக்கிழமை வரை ஓடும்.

இப்போது மோட்டார் சைக்கிள். இதுதான் எங்கள் வீட்டில் இரவுகளை அதிகம் கெடுத்த ஆள். பின்னேரம் நாலரைக்கு நாவற்குடாவில் பிள்ளைகளை ஏற்றினால் மஞ்சந்தொடுவாய் தாண்டுவதற்குள் மகனின் தலை ஆடத் தொடங்கும். கடற்காற்று, இஞ்சின் அதிர்வு, ஒரே சீரான சத்தம். காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் வாகன நெரிசலில் பைக் ஊரும்போது முழு நித்திரை. ஆரையம்பதியில் இறக்கும்போது ஆள் எழும்பிவிடுவான், நித்திரை என்று பார்த்தால் பத்து நிமிடம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் ஏறியிருந்த பாரத்தில் ஒரு பங்கை இறக்கிவிடும், பிறகு ஒன்பது மணிக்கு அவன் புதுப் பூப்போல இருப்பான்.

இரவுக் கணக்கை விடுங்கள், நித்திரை கொள்கிற பிள்ளையோடு பைக் ஓடுவதே ஆபத்து. தலை ஒரு பக்கம் சாயும்போது நம் ஒரு கை தானாகக் ஹாண்டிலை விட்டுப் பிள்ளையைப் பிடிக்கப் போகும். நான் இப்போது செய்வது: அன்ரி வீட்டில் ஏற்றும் முன் முகம் கழுவித் தண்ணீர் கொடுப்பது, பாண்காரனின் ஓட்டோ நிற்கிற நாளில் ஒரு பணிஸ் வாங்கி அங்கேயே தின்ன வைப்பது, வழியெல்லாம் மகளைக் கொண்டு அவனிடம் பேச்சுக் கொடுப்பது. மகளுக்கு அதில் நல்ல தேர்ச்சி, "தம்பி, பஸ்! தம்பி, மாடு!" என்று கத்திக்கொண்டே வருவாள், மாடு உண்மையிலேயே நடுரோட்டில்தான் நிற்கும். இவ்வளவுக்கும் தலை ஆடினால் ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் இறக்கி நடக்க விடுவேன். மழைக்காலத்தில் ஓட்டோதான், செலவு கூட என்றாலும். அதில் நித்திரை வந்துவிட்டால் வீட்டில் கால் மணித்தியாலத்துக்கு மேல் விடுவதில்லை, எழுப்பிக் கிணற்றடியில் ஒரு குளிப்பு.

படுக்கிற அறை விசயத்தில் இந்த ஊருக்கென்று சில இருக்கின்றன. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மத்தியான அறை அனல். சீற் போட்ட வீடு என்றால் சொல்லத் தேவையில்லை. கட்டில் மெத்தையைவிட சீமெந்து நிலத்தில் விரித்த பாய் எவ்வளவோ குளிர்ச்சி. அன்ரி படுக்க வைக்கும் முன் நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பாயை விரிப்பார், மேற்குப் பக்க யன்னலுக்குத் தடித்த சீலை. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களும் இருந்தனவே, அப்போது மகளுக்கு ஒன்றரை வயது, அந்தப் பாயும் பனையோலை விசிறியும்தான் அவளைக் காப்பாற்றியது.

சத்தத்தைப் பொறுத்தவரை தினமும் கேட்கிற சத்தத்துக்குப் பிள்ளை எழும்பாது. பாங்கு, பஸ், பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் பழகிவிட்டது. பாண்காரனின் மியூசிக் மட்டும் விதிவிலக்கு, அது சத்தத்தால் அல்ல, பணிஸ் ஆசையால். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கி ஒலிபெருக்கி கட்டினால் அந்தக் கிழமைக்கு நித்திரைக் கணக்கை மறந்துவிடலாம். அந்த நாட்களில் பிள்ளை எந்நேரம் படுக்குமோ அந்நேரம்தான், கோயிலோடு சண்டை பிடித்து யாரும் வென்றதில்லை.

நுளம்பு வலையைப் பலர் இரவுக்கு மட்டும் கட்டுகிறார்கள். டெங்கைப் பரப்புகிற நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், குறிப்பாக விடியற்காலையிலும் பொழுதுபடும் முன்னும். மாரி மழை முடிந்து தண்ணீர் தேங்கி நிற்கிற நாட்களில் பகல் நித்திரைக்கு வலை இல்லாமல் விடவே கூடாது. அன்ரிக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த முதல் சாமான் குடை மாதிரி விரிகிற சின்ன வலைதான்.

ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளை என்றால் இன்னும் ஒன்று. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், படுக்கை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், பக்கத்தில் தலையணை, உருளைத் தலையணை, தடித்த போர்வை எதுவும் வேண்டாம். இது மூச்சடைப்பைத் தவிர்க்க. ஏணையிலும் ஸ்பிரிங் தொட்டிலிலும் பிள்ளை வளைந்துதான் கிடக்கும், தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்கு இடைஞ்சல். ஆட்டி நித்திரையாக்க ஏணை நல்லது, அசந்த பிறகு பாய்க்கு மாற்றிவிடச் சொன்னோம். அன்ரி முதலில் "நாங்க எல்லாம் ஏணையிலதானே வளந்த நாங்க" என்றார், அது உண்மைதான். மருத்துவமாது கிளினிக்கில் அதையே சொன்ன பிறகு மறுபேச்சில்லை. நாம் சொன்னால் ஏறாதது மிஸ்ஸி சொன்னால் ஏறும்.

பிள்ளை பார்க்கிற இடம் எதுவானாலும் கூச்சப்படாமல் ஒன்றைக் கேட்டுவிடுங்கள், நித்திரைக்கென்று எந்தச் சிரப்பும் கொடுப்பதில்லைதானே என்று. தடிமல் சிரப் சிலவற்றில் தூக்கம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைப் பகல் நித்திரைக்குப் பாவிக்கிற கதைகளையும் மனைவி வார்டில் கேட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு வைத்தியர் சொல்லாமல் அதைக் கொடுப்பது ஆபத்து. எங்கள் அன்ரி இந்தக் கேள்விக்குக் கோபிக்கவில்லை, "நல்லாக் கேட்டீங்க" என்றார்.

மனைவியின் நைட் டியூட்டி நாட்களில் மகனை அன்ரியிடம் விடலாமா, வீட்டில் வைத்திருக்கலாமா என்று கொஞ்ச நாள் இழுபறி. விடிய எட்டு மணிக்கு வந்த தாய் படுக்க வேண்டும், பிள்ளை வீட்டில் நின்றால் அது நடக்காது. "தாய் வீட்டிலதானே நிற்கிறா, பிள்ளைய ஏன் கொண்டுபோய் விடுறீங்க" என்று கேட்கிற உறவுக்காரர்களை நான் பதில் சொல்லாமல் கடந்துவிடுவேன். தாய்க்கும் நித்திரைக் கணக்கு உண்டு. பிள்ளைகள் வழக்கம்போல அன்ரி வீட்டுக்கு, பின்னேரம் தாய் தெளிந்த முகத்தோடு இருப்பார்.

மகள் வேறு கதை. பகல் நித்திரை பொதுவாக மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தானாக விடுபடும். அவளுக்கு நாலு வயதோடு அறிகுறி தெரிந்தது. மத்தியானம் படுத்த நாளில் இரவு பத்தரை வரை கதை கேட்பாள், படுக்காத நாளில் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பத்து நிமிடம் அனுங்கிவிட்டு எட்டு மணிக்குச் சுருண்டுவிடுவாள். அன்ரிக்கோ எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் படுத்தால்தான் சரி, ஒன்று முழித்திருந்தால் மூன்றையும் எழுப்பும். கடைசியில் ஒத்துக்கொண்டது: மகள் அரை மணித்தியாலம் பாயில் சும்மா கிடக்க வேண்டும், கண் மூடாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு விறாந்தையில் கலர் பென்சிலும் பழைய கலண்டர்த் தாளும். டீவி இல்லை, போன் இல்லை. கிழமையில் ஒரு நாள், பெரும்பாலும் வியாழன், தானே நித்திரையாகிவிடுவாள். அன்று ஒரு மணித்தியாலத்தில் எழுப்பச் சொல்லியிருக்கிறோம். அடுத்த தைக்குப் பிறகு முதலாம் ஆண்டு, பாடசாலையில் மத்தியானம் பாய் விரித்துக் கொடுக்க யாரும் இல்லை, அதற்குள் முற்றாக விட்டுவிட வேண்டும். இரவு எட்டு மணிப் படுக்கையை மட்டும் இப்போதே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

லீவு நாட்களில் திருக்கோவிலுக்கு அம்மம்மா வீட்டுக்குப் போனால் இதில் எந்தச் சட்டமும் செல்லாது. பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மம்மாவின் மடியில் இரண்டும் நித்திரை, இரவு பதினொன்றுக்கு முற்றத்தில் ஓட்டம். அங்கே வாய் திறக்க மாட்டோம், திறந்தாலும் எடுபடாது. திரும்பி வந்த அடுத்த நாள், எவ்வளவு பிந்திப் படுத்திருந்தாலும், ஆறேகாலுக்கு எழுப்பி முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம் விட்டு, பதினொரு மணிக்குச் சோறு கொடுக்கும்படி அன்ரிக்குச் சொல்லிவிடுவோம். இரண்டு மூன்று நாள் பின்னேரம் அழுகை இருக்கும். அந்த நாட்களில் மட்டும் பைக்கை விட்டு ஓட்டோ பிடிப்பேன்.